'நன்றி: கூகுள்' என்று ஒரு வரி போட்டால் போதுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையில் உள்ள ஒரு சிறு பதிப்பகம், ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சிக்காகக் குழந்தைகளுக்கான பறவை நூல் ஒன்றைத் தயாரித்து வருகிறது. 180 ரூபாய் விலை, 1,000 படிகள், பிறகு மின்னூல். உள்ளே 23 படங்கள். அவற்றில் 9 இலவச வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத கணினிக் கோட்டுப்படம்) தளம் ஒன்றிலிருந்து இறக்கியவை; 6 கட்டணத் தளத்தில் வடிவமைப்பாளர் தம் சொந்தக் கணக்கில் வாங்கியவை; 4 விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலிருந்து எடுத்தவை; 4 ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூலிலிருந்து எடுத்தவை. அட்டையை மட்டும் கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓர் இளம் ஓவியர் 8,000 ரூபாய்க்கு வரைந்து கொடுத்திருக்கிறார். "எல்லாம் ராயல்டி ஃப்ரீ படங்கள், பெயர் போட வேண்டிய கட்டாயமே இல்லை, மனசு கேட்கவில்லை என்றால் கடைசிப் பக்கத்தில் 'நன்றி: கூகுள்' என்று போட்டுவிடலாம்" என்கிறார் வடிவமைப்பாளர். இது சரியா, மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் இதே படங்களைப் பயன்படுத்தலாமா என்று பதிப்பாளர் கேட்கிறார்.

சரியில்லை. படத்தைப் பயன்படுத்துவதற்கான உரிமம் ஒரு கடன். வரைந்தவரின் பெயரைச் சொல்வது இன்னொரு கடன். ஒன்றைத் தீர்த்தால் மற்றது தீராது. மாதா மாதம் வாடகை கொடுப்பதால் வீடு நம்முடையது ஆகிவிடுவதில்லை. வீட்டுக்காரர் பெயரை வாசலில் பெரிதாக எழுதி வைப்பதால் வாடகை கழிந்துவிடுவதும் இல்லை. தமிழ்ப் பதிப்புலகில் நாம் பெரும்பாலும் செய்வது இரண்டாவது வகைத் தவறு: அனுமதி வாங்காத படத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, கணக்கு நேராகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நன்றியையும் வரைந்தவருக்குச் சொல்வதில்லை, தேடுபொறிக்குச் சொல்கிறோம். கூகுள் ஒரு படமும் வரையவில்லை. படம் எந்த வீட்டில் இருக்கிறது என்று கைகாட்டியது, அவ்வளவே.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பின் ராப்பரில், மழையில் கவிழ்ந்து கிடக்கும் குடை ஒன்றின் கோட்டோவியம் இருந்தது. வடிவமைத்தவர் இணையத்தில் தேடி எடுத்தது. உரிமைப் பக்கத்தில் "அட்டைப்படம் நன்றி: இணையம்" என்று நானே எழுதிச் சேர்த்தேன். அச்சுப் படிகள் விற்றுத் தீர்ந்து, மின்னூல் வந்த சில மாதங்களில் ஒரு வெளிநாட்டுப் பட முகமையின் சார்பில் மின்னஞ்சல் வந்தது. அதனுடன் இரண்டு படங்களை இணைத்திருந்தார்கள். ஒன்று எங்கள் அட்டை; மற்றது அந்த உரிமைப் பக்கம், "நன்றி: இணையம்" என்ற வரிக்கு மஞ்சள் வண்ணம் பூசப்பட்டு. படம் எங்களுடையதன்று என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு நான் எழுதிய நன்றியே சாட்சியாகிவிட்டது. பேசிக் குறைத்துக் கட்டிய தொகை, அந்த நூலில் எங்களுக்குக் கிடைத்த லாபத்தை முழுவதுமாக விழுங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியமும் கோட்டுப்படமும் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'கலைப் படைப்பு' என்ற வரையறைக்குள் வந்துவிடும். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதோ, வட்டத்துக்குள் 'சி' போட்டிருக்க வேண்டும் என்பதோ கிடையாது. ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்ற பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால், உக்ரைனிலோ பிரேசிலிலோ உட்கார்ந்து ஒருவர் வரைந்து தளத்தில் ஏற்றிய மைனாவுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. 57ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது: உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே நிற்கும். டெல்லி விக்யான் பவனில் அமர்நாத் சேகல் செய்திருந்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்ட வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டுதான் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவர் அரசாங்கமே ஆனாலும் படைத்தவர் பெயருக்கு ஊறு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை.

இனி உங்கள் படங்களை வகைவகையாக எடுத்துக்கொள்கிறேன்.

கட்டணத் தளத்தில் வாங்கிய ஆறு படங்கள். 'ராயல்டி ஃப்ரீ' என்பதில் உள்ள 'ஃப்ரீ' நம் ஊரில் பலரை ஏமாற்றியிருக்கிறது. அதன் பொருள் இலவசம் என்பதன்று. ஒருமுறை பணம் கட்டினால், விற்கும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே ராயல்டி தர வேண்டியதில்லை என்பதே. ஷட்டர்ஸ்டாக், ஐஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகிய மூன்று கட்டணத் தளங்களிலும் சாதாரண உரிமத்துக்கு அச்சுப் படிகளின் உச்சவரம்பு 5 லட்சம். 1,000 படி அடித்து அதில் 400ஐப் பரணில் அடுக்கும் நமக்கு அந்த வரம்பைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. நமக்கு இடிக்கும் இடம் வேறு. அதே பறவைப் படத்தைத் துணிப்பையிலும் காபிக் கோப்பையிலும் அச்சிட்டுக் காட்சி அரங்கில் விற்றால், படமே அந்தப் பொருளின் மதிப்பாகிவிடுகிறது. அதற்கு விரிவான உரிமம் தனியே வாங்க வேண்டும். படத்தைப் பதிப்பகத்தின் இலச்சினையாக வைத்துக்கொள்ளவும் கூடாது. 'எடிட்டோரியல் மட்டும்' (செய்தி, கட்டுரைக்கு மட்டும்) என்று குறித்த படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

படம் யார் கணக்கில் வாங்கப்பட்டது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வடிவமைப்பாளர் தம் கணக்கில் வாங்கி உங்கள் நூலில் வைப்பதைப் பெரும்பாலான தளங்கள் அனுமதிக்கின்றன; ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நூலில் அமைந்த படம் மட்டுமே. மூலக் கோப்பை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த நூலில் பயன்படுத்த முடியாது. சென்ற ஆண்டு வேறொரு பதிப்பகத்துக்காக வாங்கிய படத்தை அவர் உங்கள் நூலில் நுழைத்திருந்தால் அதுவும் செல்லாது. அவர் நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விட்டால் ரசீதும் அவரோடு போய்விடும். ஆகவே இன்றைக்கே அவரிடமிருந்து ஆறு படங்களின் அடையாள எண், வாங்கிய தேதி, ரசீது, அன்றைய உரிம விதிகளின் பிடிஎஃப் ஆகியவற்றை வாங்கி நூலின் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். அடுத்த நூலிலிருந்து பதிப்பகத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். லேஅவுட்டில் வாட்டர்மார்க்குடன் வைத்துப் பார்த்த மாதிரிக் கோப்பு, கடைசி நேர அவசரத்தில் அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். போயிருந்தால் பணமே கட்டவில்லை என்று பொருள்.

இந்த ஆறுக்கும் பெயர் போட வேண்டுமா? வணிகப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் கட்டாயமில்லை. செய்தி, கட்டுரை போன்ற எடிட்டோரியல் பயன்பாட்டுக்குக் கேட்கிறார்கள். ஷட்டர்ஸ்டாக் கேட்கும் வடிவம் ஓவியர் பெயர், சாய்கோடு, தளத்தின் பெயர். ஐஸ்டாக்கில் தளத்தின் பெயர் முதலில், ஓவியரின் உறுப்பினர் பெயர் பிறகு. கட்டாயம் இருக்கிறதோ இல்லையோ, குழந்தைகள் நூலில் படம் பாதி நூல். அதை வரைந்தவர் பெயரை விட்டுவிடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. தளத்தில் அவர் வைத்திருக்கும் பெயர் 'பேர்டுலவர்77' போல விநோதமாக இருந்தாலும் அதையே எழுத்து மாறாமல் போட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த பெயர் அது.

இங்கே உரிமத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று. இத்தகைய தளங்களில் ராபின் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது மார்பு சிவந்த ஐரோப்பியப் பறவை. நம் ஊர் ராபினான கருஞ்சிட்டில் ஆண் பறவை பெரும்பாலும் கறுப்பு, வாலடியில் செம்பழுப்பு. உரிமம் பக்காவாக இருந்து பறவை தவறாக இருந்தால், படிக்கும் பிள்ளை அதைத்தான் கருஞ்சிட்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளும். தளத்தில் இருக்கும் பெயர்க்குறிப்பை நம்பிவிடாமல், பறவை நோக்கும் பழக்கம் உள்ள ஒருவரிடம் எல்லாப் படங்களையும் காட்டிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் கலந்திருக்கின்றனவா என்பதும் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். அடோபி ஸ்டாக் அவற்றை அடையாளக் குறிப்புடன் ஏற்கிறது; பட முகமையான கெட்டி இமேஜஸ் 2022இலேயே ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. யார் வரைந்தது என்று சொல்லவே முடியாத படத்தைக் குழந்தைகள் நூலில் வைக்க நான் உடன்பட மாட்டேன்.

இலவச வெக்டர் தளத்தில் எடுத்த ஒன்பது படங்கள்தான் உண்மையான ஆபத்து. இந்தத் தளங்களில் பல, பணம் கட்டாமல் இறக்குபவர் பெயர் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று விதித்திருக்கின்றன. ஃப்ரீபிக் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதாவது உங்கள் வடிவமைப்பாளர் சொன்னதற்கு நேர்மாறாக, காசு கொடுத்த ஆறுக்குச் சலுகை இருக்கலாம், காசு கொடுக்காத ஒன்பதுக்கும் பெயர் போடுவதுதான் விலை. அதைப் போடாவிட்டால் உரிமமே இல்லாமல் பயன்படுத்தியதாகும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. யாரோ ஒருவர் வேறொரு ஓவியரின் படத்தைத் திருடித் தம்முடையதென்று ஏற்றியிருந்தால், இலவசத் தளம் உங்கள் பக்கம் நிற்காது. கட்டணத் தளங்கள் சாதாரண உரிமத்திலேயே ஓரளவு ஈட்டுறுதி (உரிமைச் சிக்கல் வந்தால் இழப்பைத் தாங்களே ஏற்கும் உறுதி) தருகின்றன. ஷட்டர்ஸ்டாக்கில் அது 10,000 டாலர் வரை. ஒன்பதையும் படத்தைக் கொண்டே தேடும் வசதியில் போட்டுப் பாருங்கள். ஒரே படம் மூன்று பெயர்களில் மூன்று தளங்களில் கிடைத்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள்.

விக்கிமீடியா காமன்ஸ் படங்கள் நான்கிலும் உரிமம் படத்துக்குப் படம் மாறும். அங்கே இருக்கும் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி. அவற்றில் பெயர் குறிப்பிடல் மட்டும் கேட்பது எளிது. 'அதே உரிமத்தில் பகிர்தல்' என்று இருந்தால், படத்தை நீங்கள் மாற்றியிருக்கும் பட்சத்தில் அந்த மாற்றிய படத்தை அதே உரிமத்தில் தர வேண்டும். மாற்றாமல் நூலில் சேர்ப்பதால் மட்டும் உங்கள் எழுத்து முழுவதும் அந்த உரிமத்துக்குள் போய்விடாது. காமன்ஸுக்கு வெளியே படம் தேடும்போது 'வணிகமல்லாத' என்ற சொல்லைக் கண்டால் விலகிவிடுங்கள், 180 ரூபாய் விலை போட்ட நூலுக்கு அது ஆகாது. 'மாற்றம் கூடாது' என்றிருந்தால் பின்னணியைக் கூட வெட்டக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் 2013இல் வந்த 4.0 பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: விதியை மீறியது உங்களுக்குத் தெரிய வந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமம் தானாகவே மீண்டுவிடும். தமிழில் குழந்தை நூல் செய்பவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் நம் நாட்டு ஓவியர்கள் வரைந்த படங்கள் பெயர் குறிப்பிடும் உரிமத்தில் கிடைக்கின்றன. அயல்நாட்டு வெக்டர்களில் இல்லாத நம் தெருவும் திண்ணையும் அவற்றில் இருக்கும்.

பழைய நூலிலிருந்து எடுத்த நான்கைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவில் கலைப் படைப்புக்கான உரிமை, வரைந்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1840களில் பறவையியலாளர் ஜெர்டன் இதே மதராஸில் வெளியிட்ட தென்னிந்தியப் பறவைப் படங்கள் போன்றவை எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இத்தகைய பழைய நூல்களை நல்ல தரத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதே படங்களைச் சில கட்டணத் தளங்கள் விலைக்கும் வைத்திருக்கும், தேவையில்லாமல் பணம் கட்டாதீர்கள். சட்டம் கேட்காவிட்டாலும் மூலத்தைக் குறிப்பிடுங்கள். ஜெர்டனுக்கு அந்தப் பறவைகளை வரைந்து கொடுத்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள் என்ற செய்தியே பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது.

ஆனால் 'பழசு' என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பழசாகிவிடாது. ரவி வர்மா 1906இல் மறைந்தார், அவர் படங்கள் பொதுவில் உள்ளன. கோவில்பட்டிக் கொண்டையராஜுவின் காலண்டர்ச் சாமிகள் அதே வயதுடையவை போலத் தோன்றும். அவர் மறைந்தது 1976, அவர் ஓவியங்களுக்கான உரிமை 2036 முடியும்வரை இருக்கிறது. நாட்டுடைமை விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. தமிழக அரசு ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கினால் அவருடைய எழுத்துதான் பொதுவாகிறது, அதற்கு வரைந்த படங்கள் ஆவதில்லை. கல்கியின் எழுத்தை யாரும் அச்சிடலாம். 1968இல் மறைந்த ஓவியர் மணியம் அந்தக் கதைகளுக்கு வரைந்த சித்திரங்கள் 2028 வரை காப்பில் உள்ளவை. பத்திரிகையில் வேலை பார்த்து வரைந்த படமென்றாலும், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் பத்திரிகைக்கு, மற்ற உரிமைகள் ஓவியருக்கே என்று 17ஆம் பிரிவு பிரித்து வைத்திருக்கிறது.

கடைசியாக அட்டை. இதில் உரிமம் என்ற பேச்சே எழவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. 8,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினீர்கள், அவர் கோப்பை அனுப்பினார், முடிந்தது. மறுபதிப்பு, மின்னூல் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பணம் கொடுத்து வரைவித்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரைவித்தவரே முதல் உரிமையாளர் என்று வாதிட 17ஆம் பிரிவில் இடமுண்டு. டேப்லெட்டில் வரைந்த அட்டைப்படம் அந்த உட்பிரிவில் அடங்குமா என்பதை நீதிமன்றத்தில் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்குப் போவானேன்? ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதும்போது இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள்: காலம், எல்லை. சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமத்துக்கும் இதே விதி பொருந்தும். நீங்கள் நூலை யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புவீர்கள், கிண்டிலில் டொரன்டோவில் இருப்பவரும் வாங்குவார். ஆறாவது ஆண்டு மறுபதிப்புப் போடுவீர்கள். இவை எல்லாவற்றையும், அச்சு, மின்னூல், விளம்பரச் சுவரொட்டி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வேறு மொழிப் பதிப்புக்கு அதே அட்டையைத் தந்தால் ஓவியருக்கு எவ்வளவு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அவர் இளைஞர், கேட்கக் கூச்சப்படுவார். நீங்களே எடுத்துச் சொல்வதுதான் முறை.

பெயரைப் போடும் இடத்தில் நாம் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். 'அட்டைப்படம்' என்று எழுதி வடிவமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுகிறோம். வரைந்தவர் வேறு, எழுத்தையும் படத்தையும் ஒழுங்குபடுத்தியவர் வேறு. உங்கள் உரிமைப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

அட்டை ஓவியம்: ஓவியரின் பெயர்
அட்டை, உள்பக்க வடிவமைப்பு: வடிவமைப்பாளரின் பெயர்
பக். 8, 14, 22: ஓவியரின் தளப்பெயர் / ஷட்டர்ஸ்டாக்.காம்
பக். 31: 'மீன்கொத்தி', படைத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமம் (உரிமத்தின் இணைய முகவரி), பின்னணி நீக்கப்பட்டுள்ளது
பக். 40–43: ஜெர்டன் வெளியிட்ட பறவைப் படங்கள், மதராஸ், 1840கள்

வெளிநாட்டு ஓவியர்களின் பெயரை அவர்கள் எழுதும் எழுத்திலேயே போடுங்கள். தமிழாக்கினால் அவர்கள் தேடும்போது அவர்களுக்கே கிடைக்காது. மின்னூலில் இந்தப் பக்கத்தைப் பலர் வெட்டிவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அச்சு நூலில் இருந்த பொறுப்பு அங்கேயும் அப்படியே உண்டு.

முதல் ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) அச்சாகிவிட்டதால் உரிமைப் பக்கத்தில் இனி எதையும் சேர்க்க முடியாது என்று வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். பரவாயில்லை. கடைசி ஃபாரத்தில் விளம்பரத்துக்காக ஒதுக்கிய பக்கத்தில் 'படங்கள்' என்று தலைப்பிட்டு முழுப் பட்டியலையும் போடுங்கள். பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை யாரும் கேட்கப் போவதில்லை, இருக்கிறதா என்பதைத்தான் கேட்பார்கள். அதுவும் ஓடிவிட்டதென்றால், காட்சிக்குப் போகும் படிகளில் ஒட்டும்படி அரைச் சாண் அகலத்தில் ஒரு சீட்டு அச்சிட்டு, பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஆயிரம் படிக்கு இரண்டு பேர் ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும் வேலை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத படம் அந்த ஒன்பதில் ஏதேனும் இருந்தால், அதற்குச் சீட்டு ஒட்டிப் பயனில்லை. அந்தப் பக்கம் அடங்கிய ஃபாரத்தை நிறுத்தி, படத்தை மாற்றிவிட்டு அடியுங்கள்.